அப்பாச்சிப் போர்களும் வெஸ்டர்ன் படங்களும்: ஆண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோரா, சிவாவா மாநிலங்களிலும் 19ஆம் நூற்றாண்டில் அப்பாச்சி என்ற பூர்வகுடி மக்களோடு அமெரிக்க, மெக்சிகோப் படைகள் நடத்திய அப்பாச்சிப் போர்களை ஹாலிவுட் எத்தனையோ முறை படமாக்கியிருக்கிறது. அந்தப் படங்களில் வரும் அப்பாச்சிகளான கொச்சீஸ், ஜெரோனிமோ, அமெரிக்கப் படையின் ஜெனரல் குரூக், கொச்சீஸின் நண்பர் டாம் ஜெஃபர்ட்ஸ் எல்லாரும் வாழ்ந்த மனிதர்கள்தாம். ஆனால் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆண்டுதான் பெரும்பாலும் வேறொரு நிகழ்விலிருந்து கடன் வாங்கியது. தமிழில் கேப்டன் டைகர், டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் வழியாக அப்பாச்சி என்ற பெயரை முதலில் அறிந்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் புதிதாக இராது.

இந்தப் படங்களைப் பார்க்குமுன் எந்த ஆண்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நான்கு ஆண்டுகள் போதும். 1861 பிப்ரவரியில் அப்பாச்சிக் கணவாயில் ஓர் இளம் ராணுவ அதிகாரி கொச்சீஸைப் பிடிக்க முயன்றதிலிருந்து அவருடனான போர் தொடங்குகிறது. 1872 அக்டோபரில் ஜெனரல் ஆலிவர் ஹோவர்டும் கொச்சீஸும் செய்துகொண்ட சமாதானத்துடன் அது ஓய்கிறது. 1876இல் அந்தச் சமாதானத்தின்படி கிடைத்த ஒதுக்குநிலத்தை (பழங்குடியினர் வாழ அரசு ஒதுக்கிய பகுதி) அரசே கலைத்துவிட்டு, மக்களை சான் கார்லோஸ் என்ற வெக்கையான ஆற்றங்கரைப் பகுதிக்கு மாற்ற முற்பட, இரண்டாம் சுற்று தொடங்குகிறது. 1886 செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் கேன்யனில் ஜெரோனிமோ சரணடைந்ததும் அது முடிகிறது.

கொச்சீஸின் போரும் ஜெரோனிமோவின் போரும் வெவ்வேறு சுற்றுகள் என்பது மட்டும் மனத்தில் நின்றுவிட்டால் பாதிப் படங்களின் பிழை தானாகவே கண்ணில் படும். இதற்கெல்லாம் முன்பே மெக்சிகோவுடன் தலைமுறைக் கணக்கில் நடந்த பகை ஒன்று உண்டு. சொனோரா மாநிலம் 1835இலும் சிவாவா 1837இலும் அப்பாச்சிகளின் தலைத்தோலுக்கு விலை நிர்ணயித்திருந்தன. திரையில் தலைத்தோல் உரிப்பவர்களாக அப்பாச்சிகளே காட்டப்படுவதைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது. இறந்தவர் உடலைத் தொடவே அஞ்சிய அவர்களிடம் அந்த வழக்கம் அரிது.

கொச்சீஸும் ஜெரோனிமோவும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா? ஒருவருக்கொருவர் எதிரிகளா?

ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள், எதிரிகள் அல்லர். கொச்சீஸ் 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வாக்கில் பிறந்து, 1874 ஜூன் 8 அன்று நோயுற்று இறந்த பெருந்தலைவர். ஜெரோனிமோ அவரைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர். பரம்பரைத் தலைவர் அல்லர். சடங்கு மருத்துவராகவும் போர்க்குழுவை நடத்திச் செல்பவராகவும் மதிக்கப்பட்டவர். 1850களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் ஹானோஸ் ஊருக்கு அருகே மெக்சிகோப் படையினர் அவருடைய தாயையும் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் கொன்றார்கள். அவருடைய வாழ்நாள் பகை முதலில் மெக்சிகோவோடு என்பதற்கு அதுவே காரணம்.

அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ஜெரோனிமோ என்ற பெயர் பெரும் தலைப்புச் செய்தியானது 1880களில், அதாவது கொச்சீஸ் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. இருவரையும் ஒரே கூட்டத்தில் நிறுத்தி, ஒருவரைச் சமாதானப் பிரியராகவும் மற்றவரைக் கலகக்காரராகவும் மோதவிடுவது திரைக்கதைக்கு வசதியான ஏற்பாடு. நம்மூர்ப் படங்களின் நல்ல அண்ணன், கெட்ட தம்பி சூத்திரம்தான் இது.

அப்பாச்சிகள் என்பது ஒரே இனக்குழுவா?

இல்லை. சிரிக்காவா, வெள்ளைமலை அப்பாச்சி, மெஸ்கலேரோ, ஹிகாரியா, லிப்பான் எனப் பல குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிலமும் தனித் தலைவர்களும் உண்டு. கொச்சீஸும் ஜெரோனிமோவும் சிரிக்காவாப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வெள்ளைமலை அப்பாச்சிகளில் பலர் அமெரிக்கப் படைக்கு வழிகாட்டித் தடம் பார்க்கும் சாரணர்களாகச் சேர்ந்து அவர்களையே துரத்தியிருக்கிறார்கள்.

போர் உண்மையில் எப்படித் தொடங்கியது? படங்கள் அதைச் சரியாகக் காட்டுகின்றனவா?

1861 ஜனவரி இறுதியில் ஜான் வார்ட் என்பவரின் பண்ணையிலிருந்து கால்நடைகளையும், அவருடைய வளர்ப்பு மகனான ஃபீலிக்ஸ் என்ற சிறுவனையும் ஒரு குழு கவர்ந்து சென்றது. பழி கொச்சீஸின் மேல் விழுந்தது. அவரைத் தேடி லெப்டினன்ட் ஜார்ஜ் பாஸ்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுடன் அப்பாச்சிக் கணவாய்க்குச் சென்றார். அழைப்பை ஏற்று, சந்தேகம் ஏதுமின்றி மனைவி, தம்பி, தம்பி பிள்ளைகள், தன் குழந்தைகள் என்று குடும்பத்தோடு கூடாரத்துக்கு வந்த கொச்சீஸ், சிறுவனைக் கடத்தியது வேறொரு குழு, மீட்டுத்தர உதவுகிறேன் என்று சொன்னார். பாஸ்கம் நம்பவில்லை, சிறுவன் வரும்வரை நீங்கள் என் பிணைக்கைதி என்றார். கொச்சீஸ் கத்தியை உருவிக் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு, சுற்றி நின்ற வீரர்களுக்கு இடையே பாய்ந்து மலையேறித் தப்பினார். அப்பாச்சிகள் இந்த நிகழ்வையே ‘கூடாரத்தைக் கிழித்தது’ என்றுதான் நினைவில் வைத்திருந்தார்கள்.

அடுத்த இரண்டு வாரங்களில் இரு பக்கமும் பிணைக்கைதிகளைக் கொன்றன. கொச்சீஸின் தம்பியும் தம்பி பிள்ளைகளும் தூக்கிலிடப்பட்டார்கள். சிறுவன் ஃபீலிக்ஸ் உயிரோடுதான் இருந்தான். வெள்ளைமலை அப்பாச்சிகளிடையே வளர்ந்த அவன், பின்னாளில் மிக்கி ஃப்ரீ என்ற பெயரில் ராணுவத்தின் சாரணனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் வேலை செய்தான். இப்படி ஒரு திருப்பத்தைக் கதாசிரியர் எழுதினால் நாம் நம்ப மாட்டோம்.

1952இல் வந்த ‘தி பேட்டில் அட் அப்பாச்சி பாஸ்’ இந்தப் பாஸ்கம் நிகழ்வையும், அதே கணவாயில் 1862 ஜூலை 15, 16 தேதிகளில் கலிஃபோர்னியாப் படையோடு நடந்த சண்டையையும் ஒரே கதையாக்குகிறது. உண்மையில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இடைவெளி. அந்தச் சண்டையில் சிறுபீரங்கிகள் பயன்பட்டதும், மூத்த தலைவர் மங்காஸ் கொலராடாஸ் காயமடைந்ததும் உண்மை. படத்தின் கதை அதற்குமேல் போவதில்லை. மறு ஆண்டு ஜனவரியில் சமாதானம் பேச வந்த அதே மங்காஸ் கொலராடாஸ் பிடிக்கப்பட்டுக் காவலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தலை வெட்டப்பட்டு, மண்டையோடு ஆராய்ச்சிக்கென்று கிழக்கே அனுப்பப்பட்டது. எனக்குத் தெரிந்த இந்த வகைப் படங்களில், அந்தப் போரின் போக்கைத் தீர்மானித்த இந்தக் கொலைக்கு உரிய இடம் கிடைத்ததே இல்லை.

‘ஃபோர்ட் அப்பாச்சி’ படத்தின் கடைசிப் போர் நடந்ததா?

அரிசோனாவில் நடக்கவில்லை. ஜான் ஃபோர்டு 1948இல் எடுத்த அந்தப் படத்தில், புகழுக்கு ஏங்கும் லெப்டினன்ட் கர்னல் ஓவன் தர்ஸ்டே, கொச்சீஸுக்குக் கொடுத்த வாக்கை மீறித் தன் படையைப் பாறைகள் சூழ்ந்த பள்ளத்தாக்குக்குள் செலுத்தி மொத்தமாக அழிகிறார். தர்ஸ்டே கற்பனைப் பாத்திரம். அந்த முடிவு, 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் குதிரைப்படை அதிகாரி கஸ்டரும் அவருடன் நேரடியாகச் சென்ற 200க்கும் மேற்பட்டோரும் லகோட்டா, செயேன் வீரர்களிடம் அழிந்ததன் மறுவடிவம். அந்த நாளில் கொச்சீஸ் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடமும் அவருடைய மலைகளிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே.

அப்பாச்சிகள் அமெரிக்கப் படைக்குப் பெரிய இழப்பை ஏற்படுத்தியதே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1854இல் நியூ மெக்சிகோவின் சியெனகியாவில் சுமார் அறுபது பேர் கொண்ட குதிரைப்படையில் 22 பேரை ஹிகாரியா அப்பாச்சிகள் கொன்றார்கள். ஆனால் திறந்த வெளியில் ஒரு பெரும்படையை எதிர்கொண்டு முழுதாக அழிக்கும் போர்முறை சிரிக்காவாக்களுடையது அன்று. ஒவ்வொரு வீரனின் உயிரும் ஒரு சிறு சமூகத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதால், பதுங்கித் தாக்கிவிட்டுக் கலைந்து போவதே அவர்கள் வழக்கம்.

கோட்டையின் பெயரிலும் சிக்கல் உண்டு. 1870இல் அமைந்த அந்த முகாம் ‘ஃபோர்ட் அப்பாச்சி’ என்ற பெயரைப் பெற்றது 1879இல்தான். அது இருப்பதும் வெள்ளைமலை அப்பாச்சிகளின் நிலத்தில். கொச்சீஸின் நாடு அங்கிருந்து தெற்கே வெகுதூரம். இவ்வளவு பிழைகள் இருந்தும் நான் இந்தப் படத்துக்கு ஆதரவாகவே பேசுவேன். ஒதுக்குநிலத்தை நிர்வகித்த அரசு முகவரின் ஊழல்தான் அப்பாச்சிகளை வெளியேறச் செய்தது என்று 1948இலேயே வெளிப்படையாகச் சொன்னது. அதில் கொச்சீஸ் ஸ்பானிய மொழியில் பேச, ஒரு சார்ஜென்ட் அதை ஆங்கிலமாக்குகிறார். தலைமுறைகளாக மெக்சிகோவோடு வணிகமும் சண்டையும் செய்த மக்களின் பேச்சுவார்த்தைகளில் ஸ்பானிய மொழி புழங்கியதால், அந்தக் காட்சி பொருத்தமாகவே இருக்கிறது. ஆண்டைக் கோட்டைவிட்ட படம் மொழியைப் பிடித்துவிட்டது.

‘புரோக்கன் ஆரோ’ உண்மைக் கதை என்கிறார்களே?

அடிப்படை உண்மை, சுற்றியிருப்பவை புனைவு. டெல்மர் டேவ்ஸ் இயக்கி 1950இல் வந்த இந்தப் படம், எலியட் ஆர்னால்டின் நாவலைத் தழுவியது. டாம் ஜெஃபர்ட்ஸ் என்ற வெள்ளையர் கொச்சீஸின் நம்பிக்கையைப் பெற்றவர் என்பதும், 1872 இலையுதிர் காலத்தில் ஜெனரல் ஹோவர்டை டிராகூன் மலைகளுக்குள் அழைத்துச் சென்றவர் அவரே என்பதும் வரலாறு. ஹோவர்டு பெரும்படையோடு போகவில்லை. உதவி அதிகாரி ஜோசப் ஸ்லேடன், ஜெஃபர்ட்ஸ், சீ, போன்ஸ் என்ற இரண்டு அப்பாச்சி வழிகாட்டிகள் ஆகியோருடன் கொச்சீஸின் முகாமுக்குள் சென்றார். அந்தச் சீயின் தகப்பன், 1861இல் தூக்கிலிடப்பட்ட, கொச்சீஸின் தம்பி. தகப்பனைக் கொன்ற படையின் ஜெனரலைப் பெரியப்பாவிடம் கூட்டிச் சென்ற அவருடைய மனநிலை ஒரு தனிப் படத்துக்குரியது. ஆனால் படத்தின் மையத்துக்கு வந்தது ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ஜெஃபர்ட்ஸின் காதல்.

சன்சீயாரே என்ற அப்பாச்சிப் பெண்ணை ஜெஃபர்ட்ஸ் மணந்து, அவள் கொல்லப்படுவது முழுக்கற்பனை. கதை 1870இல் தொடங்குவதாகப் படம் அறிவிக்கிறது. அந்தக் காலத்தில் உண்மையான கொச்சீஸ் அறுபதைத் தொட்ட முதியவர். அந்த வேடத்தில் நடித்த ஜெஃப் சாண்ட்லருக்கு முப்பதை ஒட்டிய வயது. ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது.

மிகப் பெரிய திரிபு ஜெரோனிமோ பற்றியது. சமாதானத்தை எதிர்த்து அவர் கூட்டத்திலிருந்து பிரிந்து போவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் 1872 ஏற்பாட்டை ஏற்று, அந்த ஒதுக்குநிலத்தில் வாழ்ந்தவர். 1876இல் அதைக் கலைத்தபோதுதான் வெளியேறினார். முதலில் வாக்கை மீறியவர் யார் என்ற கேள்விக்குப் படம் தரும் விடையும் வரலாறு தரும் விடையும் நேரெதிரானவை. சமாதானக் காட்சியோடு படம் முடிந்துவிடுவதால் அந்த 1876ஆம் ஆண்டு பார்வையாளருக்கு எட்டவே எட்டாது.

கொச்சீஸின் மகன் டாசா ஜெரோனிமோவைத் தோற்கடித்தாரா?

இல்லை. டக்ளஸ் சர்க் 1954இல் எடுத்த ‘டாசா, சன் ஆஃப் கொச்சீஸ்’ படத்தில் ராக் ஹட்சன் அந்த வீரச்செயலைச் செய்கிறார். உண்மையான டாசா, தந்தைக்குப் பிறகு தலைவராகி, 1876இல் முகவர் ஜான் கிளமுடன் வாஷிங்டன் சென்ற இடத்தில் நிமோனியா கண்டு இளம் வயதிலேயே இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. படத்தில் கெட்டவராக வரும் தம்பி நைச்சேதான் அதன்பின் சிரிக்காவாக்களின் தலைவர். 1886இல் ஜெரோனிமோவுடன் சரணடைந்த குழுவுக்கும் முறைப்படி அவரே தலைவர்.

‘ஸ்டேஜ்கோச்’ எந்த ஆண்டில் நடக்கிறது?

படம் தேதி சொல்லாமல் நழுவுகிறது. பொருள்களை வைத்து நாமே கணக்கிட வேண்டும். ஜான் ஃபோர்டு எடுத்து 1939இல் வந்த அந்தப் படத்தில் அறுந்துபோகும் தந்திக் கம்பியில் கடைசியாக வரும் சொல் ‘ஜெரோனிமோ’. அவர் அந்த அளவுக்கு அச்சுறுத்திய காலம் 1881 முதல் 1886 வரை. வண்டி போய்ச் சேரும் லார்ட்ஸ்பர்க் நகரமோ 1880இல் சதர்ன் பசிபிக் ரயில்பாதை வந்ததால் உருவான ஊர். அதே ஆண்டு மார்ச்சில் ரயில் டூசான் நகரையும் எட்டிவிட்டது. ஆகவே ஜெரோனிமோவுக்குப் பயந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அரிசோனாவிலிருந்து லார்ட்ஸ்பர்க் போகிற அந்தப் பயணிகள், கொஞ்சம் விசாரித்திருந்தால் ரயில் டிக்கெட் வாங்கியிருக்கலாம்.

ஜான் வெய்ன் சுழற்றிக்கொண்டு அறிமுகமாகும் அகன்ற வளையம் கொண்ட வின்செஸ்டர் துப்பாக்கியும் 1892ஆம் ஆண்டு மாடல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெரோனிமோ ஃபுளோரிடாவில் கைதி. அப்பாச்சிகள் ஏன் வண்டிக் குதிரைகளைச் சுடவில்லை என்று கேட்டதற்கு, சுட்டிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும் என்று ஃபோர்டு பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

‘ரியோ கிராண்டே’ படத்தில் அமெரிக்கப் படை மெக்சிகோவுக்குள் நுழைவது உண்மையா?

நுழைந்தது உண்மை, படம் சொல்லும் ஆண்டும் எதிரியும் சரியில்லை. 1873 மே மாதம் கர்னல் மெக்கன்சி நான்காம் குதிரைப்படையோடு டெக்சஸிலிருந்து எல்லை தாண்டி ரெமோலினோ அருகே தாக்கியதுதான் இதற்கு மூலம். தாக்கப்பட்டவை முதன்மையாகக் கிக்கப்பூ என்ற வேறொரு பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள். லிப்பான் அப்பாச்சிகளின் குடியிருப்பும் சிக்கியது. சிறைப்பிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1950இல் வந்த படத்தில் இது தலைகீழாகிறது: வெள்ளைக் குழந்தைகளை அப்பாச்சிகள் கடத்த, படை மீட்கிறது.

எல்லாப் படங்களிலும் ஏன் அதே செம்மண் கோபுரங்கள்?

அது மான்யுமென்ட் வேலி; யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள நவஹோ மக்களின் நிலம். அப்பாச்சிக் கணவாய் அங்கிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஃபோர்டின் படங்களில் அப்பாச்சிகளாகக் குதிரையேறுபவர்களில் பலர் நவஹோக்கள். உண்மையான சிரிக்காவா நாடு புல்வெளியும், கருவாலியும் பைனும் வளர்ந்த மலைகளும், ஆள் மறையும் பாறைக் குவியல்களும் கொண்டது. கொச்சீஸ் பன்னிரண்டு ஆண்டுகள் எப்படிப் பிடிபடாமல் இருந்தார் என்பது டிராகூன் மலைகளின் படத்தைப் பார்த்தாலே விளங்கும். மான்யுமென்ட் வேலியின் வெட்டவெளியைப் பார்த்தால் விளங்காது.

உடை, குடில், ஆயுதங்கள் பற்றி?

கழுகிறகுத் தலைப்பாகை வடக்குச் சமவெளி மக்களின் அடையாளம். சிரிக்காவா வீரர்கள் நெற்றியில் துணிப்பட்டை கட்டி, முழங்கால் வரை உயர்ந்த மான்தோல் காலணி அணிந்தார்கள். கூம்புக் கூடாரத்தில் வசிக்கவில்லை. கிளைகளை வளைத்துப் புல் வேய்ந்த விக்கியப் என்ற குடிலில் வாழ்ந்தார்கள். 1886 மார்ச்சில் டூம்ஸ்டோன் புகைப்படக்காரர் சி. எஸ். ஃப்ளை, கேன்யன் டி லாஸ் எம்புடோஸ் பேச்சுவார்த்தையின்போது எடுத்த படங்களில் இவற்றையெல்லாம் பார்க்கலாம். இன்னும் சரணடையாத நிலையில், கையில் துப்பாக்கியோடு ஜெரோனிமோ நிற்கும் படங்கள் அவை. உடை அமைப்பாளர்கள் அவற்றை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

ராணுவத்துக்கும் இது பொருந்தும். 1870களின் நடுவிலிருந்து குதிரைப்படையின் வழக்கமான ஆயுதம், ஒவ்வொரு குண்டாக இட்டுச் சுடும் 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். படத்தில் வீரர்கள் லீவரை இழுத்து இழுத்துத் தொடர்ந்து சுட்டால் சந்தேகப்படுங்கள். 1861 நிகழ்வைக் காட்டும் படத்தில் இடுப்பில் 1873ஆம் ஆண்டு கோல்ட் ரிவால்வர் தொங்கினாலும் அப்படியே.

‘உல்சானாஸ் ரெய்ட்’ எவ்வளவு நம்பத்தக்கது?

மனநிலையில் மிக நெருக்கம், முடிவில் தவறு. ராபர்ட் ஆல்ட்ரிச் 1972இல் எடுத்த இந்தப் படத்தின் உல்சானா, ஜோசானி என்றும் அழைக்கப்பட்டவர். சிவாவா என்ற தலைவரின் சகோதரர். 1885 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பத்துப் பன்னிரண்டு பேருடன் சுமார் நான்கு வாரங்களில் 1,200 மைல் சுற்றி 38 பேரைக் கொன்று, தன் பக்கம் ஒருவரை மட்டும் இழந்து மெக்சிகோவுக்குத் திரும்பினார். கொல்லப்பட்டவர்களில் பலர் ஃபோர்ட் அப்பாச்சிக்கு அருகே வாழ்ந்த அப்பாச்சிகளே என்பதைப் படம் விட்டுவிடுகிறது. படத்தில் அவர் சான் கார்லோஸிலிருந்து புறப்பட்டு இறுதியில் ஓர் அப்பாச்சிச் சாரணன் கையால் இறக்கிறார். உண்மையான உல்சானா மெக்சிகோவிலிருந்து வந்தார், உயிரோடு திரும்பினார், மறு ஆண்டு சரணடைந்து கைதியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் சில ஆட்களும் மாற்றுக் குதிரைகளும் கொண்ட குழு ஒரு பெரும்படையை எப்படி அலைக்கழிக்கும் என்ற கணக்கை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

1993இல் வந்த ‘ஜெரோனிமோ: ஆன் அமெரிக்கன் லெஜண்ட்’ மற்றவற்றைவிட மேலா?

மேல்தான். வால்டர் ஹில் இயக்கிய இந்தப் படத்தில் செரோக்கி இனத்தவரான வெஸ் ஸ்டூடி ஜெரோனிமோவாக நடித்தார். 1962இல் நீலக்கண் கொண்ட சக் கானர்ஸ் அதே வேடத்தில் நடித்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தூரம் என்பது புரியும். ஜெரோனிமோவிடம் சரணடையும்படி பேசிய லெப்டினன்ட் கேட்வுட், அரிசோனாவில் படைத்தலைவராக இருந்த ஜெனரல் குரூக், அவருக்குப் பின் வந்த ஜெனரல் மைல்ஸ், சாரணர் தலைவர் அல் சீபர் எல்லாரும் ஏறத்தாழ உரிய இடத்தில் இருக்கிறார்கள். ஆண்டுகள்தாம் மீண்டும் நகர்த்தப்பட்டிருக்கின்றன.

சடங்கு மருத்துவர் ஒருவர் படையினரால் கொல்லப்பட, ஜெரோனிமோ ஒதுக்குநிலத்தை விட்டு ஓடுவதாகப் படம் காட்டுகிறது. அந்தக் கொலை நடந்தது 1881 ஆகஸ்ட் 30 அன்று சிபெக்யூ ஓடையருகே. அதன்பின் ஓடிய ஜெரோனிமோ 1884இல் திரும்பி வந்து, 1885 மே 17 அன்று மறுபடி ஓடினார். படம் இரண்டு ஓட்டங்களையும் ஒன்றாக்கிவிட்டது.

1885 ஓட்டத்தின் உண்மைக் காரணம் இன்னும் சிறியது. அதனாலேயே இன்னும் வேதனையானது. மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துத் தயாரிக்கும் டிஸ்வின் என்ற மதுவை ராணுவம் தடை செய்திருந்தது. ஒருநாள் காலை தலைவர்கள் பலர், ஒதுக்குநிலத்தில் தங்களைக் கண்காணித்த லெப்டினன்ட் பிரிட்டன் டேவிஸின் கூடாரத்தின் முன் கூடி, நாங்கள் எல்லாரும் குடித்தோம், என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். டேவிஸ், குரூக்குக்கு எழுதிய தந்தியை முறைப்படி சான் கார்லோஸில் இருந்த மேலதிகாரிக்கு அனுப்பினார். அவர் புதியவர், யோசனை கேட்க அல் சீபரை எழுப்பினார். முந்தின இரவுக் குடியின் தூக்கம் கலையாத சீபர், இது வெறும் டிஸ்வின் விவகாரம், டேவிஸ் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். தந்தி ஒரு கோப்புக்குள் போயிற்று. குரூக் அதைப் பார்க்கப் பல மாதங்கள் ஆயின. பதில் வராததை வரப்போகும் தண்டனையின் அறிகுறியாகக் கருதிய ஜெரோனிமோவும் நைச்சேயும் மற்றவர்களும், பெண்கள் குழந்தைகள் உட்பட சுமார் 130 பேராகக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது மரக்கிளைகளுக்குள் ஓடிய தந்திக் கம்பியை அறுத்து, அறுபட்ட இடம் தெரியாதபடி தோல்வாரால் முடிந்துவிட்டுச் சென்றார்கள்.

ஆட்களின் முடிவுகளிலும் மாற்றம் உண்டு. படத்தில் சீபர் மெக்சிகோவில் ஒரு மதுக்கடைச் சண்டையில் இறக்கிறார். உண்மையில் 1907இல் அரிசோனாவின் ரூஸ்வெல்ட் அணைக்கான சாலைப்பணியில் பாறை உருண்டு இறந்தார். படத்தில் கடைசிச் சந்திப்புக்குக் கேட்வுட்டோடு போகும் பிரிட்டன் டேவிஸ், உண்மையில் அதற்கு முன்பே ராணுவ வேலையை விட்டிருந்தார். கேட்வுட்டை ஜெரோனிமோவிடம் கொண்டு சேர்த்தவர்கள் கயிட்டா, மார்ட்டீன் என்ற இரண்டு அப்பாச்சிகள். ஜெரோனிமோவின் குழுவில் தங்கள் உறவினர்கள் இருந்ததால், சுடப்படலாம் என்று தெரிந்தும் முதலில் மலையேறிப் போனவர்கள் அவர்கள்தாம்.

1886இல் ஜெரோனிமோவுடன் எத்தனை பேர் இருந்தார்கள்?

பெண்கள் குழந்தைகள் உட்பட நாற்பதுகூட இல்லை. எதிரே அமெரிக்கப் படையினர் சுமார் 5,000 பேர். அது அன்றைய மொத்த ராணுவத்தில் ஏறத்தாழ கால் பங்கு. போதாததற்கு, சூரிய ஒளியைக் கண்ணாடியில் பிரதிபலித்து மலைக்கு மலை செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் நிலையங்களையும் ஜெனரல் மைல்ஸ் நிறுவினார். பழைய படங்களில் நூற்றுக்கணக்கான குதிரைவீரர்கள் மலைமுகட்டில் வரிசையாகத் தோன்றும் காட்சியை இந்த எண்ணிக்கையோடு பொருத்திப் பாருங்கள்.

சரணடைந்த பிறகு என்ன ஆயிற்று? அதைப் பற்றிப் படம் உண்டா?

ஓரளவுக்கு உண்டு. ஆல்ட்ரிச் 1954இல் எடுத்த ‘அப்பாச்சி’, ஃபுளோரிடாவுக்குப் போகும் கைதிகள் ரயிலிலிருந்து தப்பி, நடந்தே ஊர் திரும்பும் மஸ்ஸாயின் கதை. மஸ்ஸாய் என்ற மனிதர் அப்படித் தப்பியது உண்மை. படத்தின் இறுதியில் அவர் பிழைத்துக்கொள்வது, தயாரிப்பாளர் தரப்பின் வற்புறுத்தலால் மாற்றப்பட்ட முடிவு.

மற்றவர்களின் கதைக்குத் திரையில் இடமே கிடைக்கவில்லை. 1886 செப்டம்பர் 8 அன்று போவி ரயில் நிலையத்திலிருந்து ஜெரோனிமோவை ஏற்றிச் சென்ற ரயிலில், அவரைச் சரணடையவைத்த கயிட்டாவும் மார்ட்டீனும் கைதிகளாகவே ஏற்றப்பட்டார்கள். ஒதுக்குநிலத்தை விட்டு நகராமல் அமைதியாகப் பயிர் செய்துகொண்டிருந்த சிரிக்காவாக்களும், ராணுவத்துக்கு உழைத்த சாட்டோ போன்ற சாரணர்களும் தப்பவில்லை. வாஷிங்டனில் பதக்கம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் தடுத்து நிறுத்தப்பட்ட சாட்டோ, ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மேரியனுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து அலபாமா, பிறகு 1894இல் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் என்று அவர்கள் போர்க்கைதிகளாகவே இடம் மாற்றப்பட்டார்கள்.

ஜெரோனிமோ 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் காட்சிப்பொருளாக உட்கார்ந்து தன் கையெழுத்தை விற்றார். 1905இல் அதிபர் ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்தில் குதிரையேறிச் சென்றார். 1909 பிப்ரவரி 17 அன்று கைதியாகவே இறந்தார். மற்றவர்கள் விடுதலையானது 1913இல். பெரும்பாலோர் நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ ஒதுக்குநிலத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ஓக்லஹோமாவிலேயே தங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசியில்தான் செசில் பி. டிமில் ஹாலிவுட்டில் ஒரு தானியக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தன் முதல் வெஸ்டர்ன் படத்தின் வேலையைத் தொடங்கினார்.